நரம்பு, நாளம், நாடி: கருவில் குருதிக்குழாய்கள் வளரும் வகை



இலக்கணமும் அகராதியும் படித்துக் காலங்கழித்த யாம் இன்று கருவியலைப் பேச வந்ததேன் என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறோம். அது எமக்குப் பெருமை தரும் நிகழ்ச்சி அன்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு எம் உறவில் ஒரு பெண்ணுக்கு இருபத்தெட்டாம் வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஐந்து வாரங் கழித்துக் கண் மருத்துவர் வந்து குழந்தையின் கண்ணைச் சோதித்தார். பெற்றோர் அப்போது அங்கில்லை. குழந்தையின் பாட்டியாரும் யாமும் இருந்தோம். விழித்திரையின் குருதிக்குழாய்கள் இன்னும் முழுமையாக வளரவில்லை என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார். பாட்டியார் எம் முகத்தைப் பார்த்தார். தமிழில் முனைவர் பட்டம் பெற்ற யாம், பேச்சு வழக்கில் எளிமையாகச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, "கண் நரம்பு இன்னும் சரியா வளரலையாம், அக்கா" என்றோம். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நரம்பு வளராத கண் பார்வையற்ற கண், நரம்பு பழுதென்றால் மூளையும் பழுது என்று அவர் பொருள் கொண்டார் என்பது மறுநாள்தான் எமக்குத் தெரிந்தது. ஓர் இரவு முழுதும் அம்மூதாட்டி அழுதிருக்கிறார். ஒரு சொல்லால் வந்த வினை அது.

நாம் ஏன் அப்படிச் சொல்கிறோம்? 'நரம்பு' என்னும் சொல் தமிழில் மிகப் பரந்த நிலப்பரப்பு உடையது. பழைய நூல்களில் யாழின் தந்தி நரம்பு. இலையில் ஓடும் கோடு நரம்பு. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் குருதிக்குழாயையும் வீட்டு வழக்கில் நரம்பு என்கிறோம். அதில் போடும் ஊசி நரம்பூசி. பள்ளி நூலிலோ நரம்பு என்பது மூளையின் செய்தியைக் கொண்டுசெல்லும் இழை மட்டுமே. இது தமிழுக்கு மட்டும் வாய்த்த குழப்பம் அன்று. கிரேக்க மொழியில் 'நியூரான்' என்ற சொல்லும் முதலில் தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. பின்னரே உணர்வு நரம்புக்கு உரியதாயிற்று. ஆனால் கிரேக்கரின் குழப்பம் நூலுக்குள் அடங்கிப் போயிற்று. நம் குழப்பம் மருத்துவமனைக் கட்டிலருகே உயிரோடு இருக்கிறது.

பிற சொற்களையும் பார்ப்போம். தமிழ்நாட்டு நூல்கள் இதயத்திலிருந்து புறப்படும் குழாயைத் தமனி என்றும், இதயத்திற்குத் திரும்பும் குழாயைச் சிரை என்றும், இடைப்பட்ட நுண்குழாயைத் தந்துகி என்றும் வழங்குகின்றன. இலங்கை நூல்கள் இவற்றை முறையே நாடி, நாளம், மயிர்க்குழாய் என்கின்றன. இரு நாட்டு நூல்களும் நம் மலேசிய ஆசிரியர்களின் மேசைக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் 'இரத்த நாளம்' என்றால் எந்தக் குருதிக்குழாயும் ஆகும். இலங்கையில் நாளம் என்றால் திரும்பும் குழாய் மட்டுமே. ஒரே சொல் ஒரு நூலில் இனத்தையும் மற்றொரு நூலில் வகையையும் குறிக்கிறது. மாணவன் இரண்டையும் படித்தால் என்ன செய்வான்?

'தமனி' என்னும் வடசொல் ஊதுதல் என்ற வேரிலிருந்து வந்தது. இறந்த உடலில் அக்குழாய்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தமையால் பண்டைய கிரேக்கரும் அவற்றில் காற்று ஓடுவதாகவே கருதினர். அவர்தம் 'ஆர்டீரியா' மூச்சுக்குழலுக்கும் பெயராக இருந்தது. சொல் பிழையான கருத்தில் பிறந்தும் நன்றாகவே பணி செய்கிறது. ஆகவே வேர்ச்சொல் பார்த்து ஒரு கலைச்சொல்லைத் தள்ளிவிட வேண்டியதில்லை. இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்று உறுதி செய்துகொண்டால் போதும். இவ்வுரையில் பொதுப்பெயராகக் குருதிக்குழாய் என்பதையும், வகைப்பெயராகத் தமனி, சிரை, நுண்குழாய் என்பவற்றையும் ஆளுகிறோம்.

இனி, பொருளுக்குள் செல்வோம். அந்த நிகழ்ச்சிக்குப் பின்னர், கருவில் குருதிக்குழாய் எப்படித்தான் வளர்கிறது என்று அறிந்துகொள்ள யாம் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது.

எளிய காட்சி கோழிமுட்டையில் உண்டு. கருவுற்ற முட்டை இருபத்தொரு நாளில் குஞ்சாகும். இரண்டாம் நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. நான்காம் நாளளவில் இருட்டறையில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், சிலந்தி காலை விரித்தாற்போலச் செந்நிறக் கோடுகள் மஞ்சட்கருவின் மேல் பரவியிருப்பது தெரியும். அரிஸ்டாட்டில் இத்துடிக்கும் செம்புள்ளியைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். மனிதக் கருவில் இதயத்துடிப்பு கருவுற்ற இருபத்திரண்டாம் நாள் அளவில் தொடங்குகிறது. தாய் தான் கருவுற்றிருப்பதை உறுதியாக அறியும் முன்பே குருதி ஓடத் தொடங்கிவிடுகிறது எனலாம்.

ஏன் இத்தனை விரைவு? உயிர்வளி உயிரணுக்களுக்கிடையே தானே ஊடுருவிச் செல்லக்கூடிய தொலைவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரையில்தான். அதற்கு மேல் தடித்த எந்தக் கருவும் குழாயின்றி வாழாது. ஆகவே உடலில் முதலில் பணிபுரியத் தொடங்கும் உறுப்பமைப்பு குருதிச் சுற்றோட்டமே.

குழாய்கள் தோன்றும் வழி இரண்டு. முதல் வழியில், குழாயே இல்லாத இடத்தில், கருவின் நடுப்படையைச் சேர்ந்த உயிரணுக்கள் சிறு தீவுகளாகத் திரளுகின்றன. வெளிப்புறத்தவை தட்டையாகிக் குழாயின் சுவராகின்றன, உட்புறத்தவை குருதியணுக்களாகின்றன. தீவுகள் ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன. இரண்டாம் வழியில், முன்னரே உள்ள குழாயிலிருந்து புதிய கிளை முளைத்து நீளுகிறது. இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களுள் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் ரிசாவ் முதன்மையானவர். முதலாவதை 'வாஸ்குலோஜெனிசிஸ்' என்றும் இரண்டாவதை 'ஆஞ்சியோஜெனிசிஸ்' என்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றனர்.

மொழி மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். முன்னது இலத்தீன், பின்னது கிரேக்கம். இரண்டிற்கும் சொற்பொருள் 'கலம் தோன்றுதல்' என்ற ஒன்றுதான்! வேறுபாடு சொல்லில் இல்லை; அறிஞர்தம் உடன்பாட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கற்பவன் இரண்டையும் மனப்பாடந்தான் செய்கிறான். தமிழில் முன்னதைக் 'குழாய்த் தோற்றம்' என்றும் பின்னதைக் 'குழாய்க் கிளைப்பு' என்றும் சொன்னால் பொருள் சொல்லிலேயே விளங்கிவிடும். தமிழில் அறிவியல் சொல்ல இயலாது என்போர்க்கு இவ்வொரு சான்றை மட்டும் எடுத்து வைக்கிறோம்.

கிளை எங்கே முளைக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தலைமைப் பொறியாளர் எவரும் இல்லை. உயிர்வளி குறைந்த இடம் தானே அழைப்பு விடுக்கிறது. அழைப்பின் பொறிமுறையைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவர்க்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. 'ஹிஃப்' எனப்படும் ஒரு புரதத்தை உயிரணு ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. உயிர்வளி இருக்கும் வரை அப்புரதத்தின் மேல் ஓர் அடையாளம் பொறிக்கப்படுகிறது. அவ்வடையாளம் கண்டு சில நிமிடங்களுக்குள் அது சிதைக்கப்படுகிறது. உயிர்வளி குறைந்தால் அடையாளம் பொறிக்கப்படுவதில்லை. புரதம் சிதையாமல் நின்று, மரபணுக்கள் பலவற்றை இயக்குகிறது.

இதனைத் தமிழாக்கிய கட்டுரை ஒன்றில், உயிர்வளிக் குறைவு அப்புரதத்தை 'உண்டாக்குகிறது' என்று எழுதப்பட்டிருக்கக் கண்டோம். பிழை. உண்டாக்கவில்லை, அழியாமல் விடுகிறது. முதற்படியில் செய்வினை இல்லை, தடைநீக்கமே இருக்கிறது. உண்டாக்கத் தொடங்கினால் நேரமாகும். அழிப்பதை நிறுத்தினால் உடனே கிடைக்கும். கருவின் விரைவு அந்த வினைச்சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. வினைமுற்றில் நேரும் பிழை அறிவியலில் நேரும் பிழையாகிவிடுவதை ஆசிரியர்கள் நோக்குக.

ஹிஃப் இயக்கும் மரபணுக்களுள் ஒன்று குழாய் வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தைச் செய்விக்கிறது. 'வி.இ.ஜி.எஃப்.' என்ற எழுத்துச் சுருக்கத்தால் உலகெங்கும் அறியப்படுவது இதுவே. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் இதனைத் தனித்தெடுத்தனர். அருகிலுள்ள குழாயின் சுவர் உயிரணுக்கள் தம் ஏற்பிகளால் இதனை உணர்ந்து, செறிவு மிகுந்த திசை நோக்கிக் கிளைக்கின்றன. கருவின் தொடக்க நாள்களில் எல்லாமே உயிர்வளிக் குறைவால் மட்டும் நிகழ்வதன்று. கருவின் வளர்ச்சித் திட்டமும் இக்காரணியைச் சுரக்கச் செய்கிறது. ஆயினும் காரணி ஒன்றே.

எம்மை மிகவும் உலுக்கியது அளவு பற்றிய செய்தி. எந்த மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகளாக இருக்கும். பெரும்பாலான மரபணுக்களில் ஒருபடி பழுதானாலும் மறுபடி கைகொடுத்துவிடும். 1996இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே சுண்டெலிக் கருவில் இம்மரபணுவின் ஒரே ஒரு படியை மட்டும் நீக்கிப் பார்த்தன. கருக்கள் பதினொன்று, பன்னிரண்டு நாள் அளவில் இறந்தன. பாதியளவு போதவில்லை. பின்னர் இக்காரணியை இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு மட்டும் கூட்டிப் பார்த்தனர். அக்கருக்களும் இதயம் பழுதாகி இறந்தன. குறைந்தாலும் சாவு, மிகுந்தாலும் சாவு.

ஏற்பிகளிலும் இந்த இருமுகம் உண்டு. காரணியை உணரும் ஏற்பிகளுள் ஒன்றை நீக்கினால் குழாயே தோன்றுவதில்லை. மற்றொன்றை நீக்கினால், எதிர்பாராத வகையில், சுவர் உயிரணுக்கள் மிகுந்து ஒழுங்கற்ற குவியலாகிவிடுகின்றன. இவ்விரண்டும் 1995இல் வெளியான முடிவுகள். இரண்டாம் ஏற்பி காரணியை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் செய்தியை உள்ளே அனுப்புவதில் மந்தமானது. மிகையைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு பிறவற்றைக் காக்கும் அதனைப் 'பொய்யேற்பி' எனலாம் என்று எமக்குத் தோன்றுகிறது. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்வோம்.

கிளையின் முனையில் நடப்பதும் சுவையானது. முனையில் ஓர் உயிரணு மட்டும் நுண்விரல்களை நீட்டித் தடவித் தடவி வழிகாட்டுகிறது. பின்னுள்ளவை பெருகிக் காம்பாக நீளுகின்றன. எல்லா உயிரணுக்களும் அழைப்பைக் கேட்டும் ஒன்று மட்டும் முனையாவது எங்ஙனம்? அழைப்பைச் சற்று மிகுதியாகக் கேட்ட உயிரணு தன் பக்கத்து உயிரணுவுக்கு ஒரு தடைச் செய்தி தருகிறது. அச்செய்தியை வாங்குவது 'நாட்ச்' என்னும் புரதம். பழ ஈயின் சிறகோரத்தில் கண்ட வெட்டுத் தடத்தால் வந்த பெயர் அது. செய்தி பெற்ற உயிரணுவின் செவி சற்று மந்தமாகிறது. அது காம்பில் நின்றுவிடுகிறது. இத்தடையை நீக்கிவிட்டால் எல்லாம் முனையாகி, அடர்ந்த, ஆனால் குருதி ஒழுங்காக ஓடாத வலையே மிஞ்சும் என்று 2007இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

முனை உயிரணுவைத் 'தலைவன்' என்று மொழிபெயர்க்கலாமா என்று மாணவர் ஒருவர் எம்மிடம் கேட்டதுண்டு. கூடாது. முனையில் நிற்கும் உயிரணுவும் பின்னுள்ளதும் அடிக்கடி இடம் மாறிக்கொள்கின்றன. எழுவாய் என்பது ஒரு பெயர்ச்சொல்லின் பிறவிக்குணமா? அன்று, தொடரில் அது நிற்கும் நிலை. அடுத்த தொடரில் அதே சொல் செயப்படுபொருளாகும். முனையும் அப்படியே ஒரு நிலை.

குழாய் முளைத்தால் மட்டும் போதாது. புறத்தே போர்வை உயிரணுக்கள் வந்து அணைக்க வேண்டும். அவற்றை வரவழைக்கும் காரணி இல்லாத சுண்டெலிக் கருக்களில் நுண்குழாய்கள் புடைத்து வெடித்துப் போயின. அதன்பின் ஓட்டம் வேலையை ஏற்கிறது. கோழிக்கருவை ஆராய்ந்த ரிச்சர்ட் தோமா, ஓட்டம் மிகுந்த குழாய் பருக்கும், ஓட்டம் குன்றிய குழாய் சுருங்கி மறையும் என்று 1893ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆற்றுப் படுகையை ஆறே வெட்டிக்கொள்வது போன்றது இது.

தமனி, சிரை என்ற வேறுபாடு மட்டும் ஓட்டத்தால் வருவதன்று எனலாமா? 1998இல் சுண்டெலிக் கருவில் மிக இளம்பருவத்திலேயே இருவகைக் குழாய்களின் சுவர்களும் வேறுவேறு புரதங்களை அணிந்திருப்பது கண்டறியப்பட்டது. பிறவி வேறுபாடு என்று பலரும் முடிவு செய்தனர். 2004இல் கோழிக்கருவில் செய்த ஆய்வில், ஒரு தமனியின் ஓட்டத்தை நிறுத்தியபோது அதன் கிளைகள் சிரையின் தன்மையை ஏற்றுக்கொண்டன. பிறப்பும் உண்டு, பழக்கமும் உண்டு என்பதே இன்றைய நிலை.

இதனையொட்டி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமனியில் 'சுத்த இரத்தம்', சிரையில் 'அசுத்த இரத்தம்' என்று கற்பிக்கும் பழக்கம் இன்னும் சில வகுப்பறைகளில் இருக்கிறது. கருவைப் பாருங்கள்: தாயிடமிருந்து உயிர்வளி நிறைந்த குருதியைக் கருவுக்குக் கொண்டுவருவது தொப்புட்கொடியின் சிரை, குறைந்த குருதியைத் திருப்பி அனுப்புவன அதன் இரு தமனிகள். நாம் அனைவரும் அந்தச் 'அசுத்த' வழியில் வந்ததைக் கொண்டுதான் வளர்ந்தோம். இதயத்தை விட்டு விலகுவது தமனி, இதயத்தை நோக்கி வருவது சிரை என்று மட்டும் சொன்னால் போதும்.

இனி அக்குழந்தையின் கண்ணுக்கு வருகிறோம். விழித்திரையில் குழாய்கள் கருவின் பதினாறாம் வாரம் அளவில் நடுவிலிருந்து புறப்படுகின்றன. விளிம்பின் கடைசிப் பகுதியை அடையும்போது நாற்பது வாரம் ஆகிவிடுகிறது. இருபத்தெட்டாம் வாரத்தில் பிறந்த குழந்தைக்குக் குழாய்கள் பாதி வழியில் இருக்கும். கருவறையில் குழந்தையின் குருதியில் உயிர்வளி குறைவு. அக்குறைவே கிளைப்புக்கு அழைப்பு. வெளியே வந்ததும் உயிர்வளி மிகுகிறது, அழைப்பு அடங்குகிறது, குழாய்கள் நின்றுவிடுகின்றன. சில வாரங் கழித்து, வளர்ந்துவரும் விழித்திரை உயிர்வளி போதாமல் பெருங்குரலில் அழைக்கிறது. அப்போது முளைப்பவை கட்டுப்பாடற்ற குழாய்கள். அவை சில குழந்தைகளுக்கு விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் நல்லெண்ணத்தோடு அடைகாப்புப் பெட்டிகளில் உயிர்வளியைத் தாராளமாகச் செலுத்தினர். உலகெங்கும் ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்தனர் என்பர். 1950இல் குறைமாதத்தில் பிறந்த இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இந்நோயால்தான். மெல்பர்னில் கேட் கேம்பெல் என்னும் மருத்துவர் 1951இல் மிகை உயிர்வளியின் மேல் ஐயத்தை எழுப்பினார். அடுத்த சில ஆண்டுகளில் ஐயம் உறுதியாயிற்று. பின்னர் உயிர்வளியை மிகவும் குறைத்தபோது குழந்தை இறப்பு கூடியது. கருவுக்குத் தானே தெரிந்த அளவை மருத்துவர் கைப்பட அமைக்க வேண்டியிருக்கிறது. இன்று அளந்து கொடுக்கிறார்கள். ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதிக்கிறார்கள். தேவையானால் லேசர் ஒளியால், குழாய் சென்றடையாத பகுதியைச் சுட்டு அழைப்பை அடக்குகிறார்கள், அல்லது குழாய் வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுள் செலுத்துகிறார்கள்.

அன்று யாம் இவ்வளவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை, அழுத முகத்தோடு அமர்ந்திருந்த மூதாட்டியிடம் அங்குப் பணியாற்றிய தாதி ஒருவர் வந்து, காரணம் கேட்டறிந்து, இப்படிச் சொன்னார்: "நரம்பு இல்ல பாட்டி, ரத்தக் கொழா. கண்ணுக்குள்ள நடுவுல இருந்து ஓரத்துக்கு வளந்து போவும். புள்ள சீக்கிரமே பொறந்துட்டதால இன்னும் ஓரம் வரைக்கும் போய்ச் சேரல. போய்ச் சேருதான்னு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பாப்பாங்க. கோணலா வளந்தா வைத்தியம் இருக்கு." நான்கைந்து தொடர்கள். ஒரு கலைச்சொல்லும் இல்லை. ஒரு பிழையும் இல்லை. பாட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இன்னும் வழியிலதான் இருக்கு" என்றார். யாம் அருகில்தான் நின்றிருந்தோம்.

நான்கு சோதனைகளுக்குப் பின்னர்க் குழாய்கள் இரு கண்களிலும் விளிம்பைத் தொட்டன, வைத்தியம் தேவைப்படவில்லை. அக்குழந்தை இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் அவள் தன் புறங்கையைக் காட்டி, "தாத்தா, இது நரம்பா, சிரையா?" என்று கேட்டாள். வீட்டில் பாட்டி நரம்பு என்கிறாராம். எங்கோ ஒரு படத்தில் சிரை என்று போட்டிருக்கிறதாம். சிரை என்றோம், பாட்டியிடம் போய்த் திருத்த வேண்டாம் என்றும் சொல்லி வைத்தோம்.